பன்றியின் வால்வும் பஞ்சசீலமும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்தனை முடிந்து யாவரும் கலைந்த பின்னர், ஸ்ரீராமபுரத்து அக்காள் ஒருவர் விகாரையின் தூணருகே தயங்கி நின்றார். நாம் மில்லில் நூல் நூற்ற காலத்தில் அவர் கணவர் நம்முடன் ஒரே ஷிப்டில் வேலைபார்த்தவர். இன்று அவர் இல்லை. அக்காளுக்கு அறுபத்தெட்டு வயது. படியேறினால் மூச்சு முட்டுகிறது. இரவில் இரண்டு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்க வேண்டியிருக்கிறது. இருதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிவிட்டது, அதை மாற்றியாக வேண்டும், இந்த வயதில் பன்றியின் வால்வே நல்லது என்று டாக்டர் கூறியிருக்கிறார். "தம்பி, நான் பாணாதிபாதா சொல்லிச் சீலம் எடுத்தவள். ஒரு பிராணியைக் கொன்று எடுத்ததை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

நாம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "கூடாது, அக்கா; அது ஜீவஹிம்சை" என்று சொல்லிவிட்டோம். நல்ல பதில் சொன்னோம் என்ற பெருமிதத்தோடு வீட்டுக்கும் சென்றோம்.

நான்கு மாதங்கள் அந்த அம்மையார் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கால்கள் வீங்கின. ஒருநாள் அவருடைய மகள் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "சித்தப்பா, உங்கள் ஒரு சொல்லால் எங்கள் அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், உங்கள் புத்தர் இதைத்தான் சொன்னாரா?" என்று கேட்டாள். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. எட்டாம் வகுப்போடு மில்லுக்குள் நுழைந்த நமக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பணிவு இன்னும் வரவில்லையே என்று வெட்கமுற்றோம். மறுநாள் முதல் பிடகங்களைப் புரட்டினோம். அறிந்த டாக்டர்களிடம் போய்க் கேட்டோம். நூல்நிலையத்தில் உட்கார்ந்து படித்தோம். அப்படித் தெரிந்துகொண்டவற்றையே இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

முதலில் இந்த வால்வு என்பது யாதெனப் பார்ப்போம். இருதயம் நான்கு அறைகளும் நான்கு கதவுகளும் உள்ள ஒரு பம்பு. கதவுகள் ஒரு பக்கமாகவே திறந்து மூடும்; இரத்தம் பின்னோக்கி ஓடாமல் தடுப்பவை அவையே. சிறுவயதில் வந்த வாத ஜுரத்தாலோ, முதுமையில் சுண்ணாம்பு படிவதாலோ அக்கதவுகள் கெட்டுப்போவதுண்டு. கெட்ட கதவை எடுத்துவிட்டு வைக்கும் புதிய கதவுகள் இருவகை. ஒன்று, உலோகத்தாலும் பிற செயற்கைப் பொருள்களாலும் செய்தது. இதில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கப்பட்ட சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டுத் திரும்பிப்போன ஏழைகளுக்கு அது கிடைத்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. ஆனால் உலோக வால்வு வைத்துக்கொண்டவர் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அளவு கூடினால் இரத்தக் கசிவு. குறைந்தால் வால்விலேயே இரத்தம் உறையும். முதியவர்களுக்கு இது தொல்லை.

மற்றொன்று பிராணியின் திசுவால் ஆனது. பன்றியின் வால்வு, அல்லது மாட்டின் இருதயத்தைச் சுற்றியுள்ள உறையை வெட்டித் தைத்த வால்வு. பாரிஸ் நகரில் 1965இல் கார்ப்பாந்தியே என்னும் இளம் ரணசிகிச்சை நிபுணரும் அவருடைய தோழர்களும் பன்றி வால்வை மனிதருக்கு வைத்துப் பார்த்தனர். முதலில் வைத்தவை விரைவில் கெட்டன. பின்னர், தோல் பதனிடுவதுபோல, குளூட்டரால்டிஹைடு என்னும் இரசாயனத்தில் ஊறவைத்து உறுதியாக்கும் வழியைக் கார்ப்பாந்தியே கண்டார். அப்படிப் பதனிட்ட திசுவில் உயிருள்ள அணு எதுவும் இல்லை. ஆதலால் மனித உடல் அதைப் பகையெனத் தாக்குவது பெரிதும் குறைகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது உழைக்கும். ஆயுள் முழுதும் அந்த மாத்திரையை உண்ண வேண்டியதும் பெரும்பாலும் இல்லை.

இந்த வால்வுக்காக எவரும் தனியே ஒரு பன்றியைக் கொல்வதில்லை. இறைச்சிக்காக அறுக்கப்பட்ட பன்றியின் உடலில் எஞ்சியதிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. இந்த உண்மையை அறியாமல்தான் அன்று நாம் தீர்ப்புக் கூறினோம்.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தோம். வால்வு எதுவாயினும், இருதய ரணசிகிச்சையின்போது இரத்தம் உறையாதிருக்க ஏற்றும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. "நான் சுத்த சைவம், உலோக வால்வுதான் வேண்டும்" என்பவர் உடம்பிலும் பன்றி புகுந்து வெளிவந்திருக்கிறது!

பகவன் புத்தர் இதுபற்றி என்ன கூறினார்? மகாவக்கத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. நோயுற்ற பிக்குகளுக்குக் கொழுப்பு மருந்தாகத் தேவைப்பட்டபோது, கரடி, மீன், முதலை, பன்றி, கழுதை ஆகியவற்றின் கொழுப்பை உரிய வேளையில் பெற்று, உரிய வேளையில் காய்ச்சி வடித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். பன்றி அந்தப் பட்டியலில் பெயரோடு நிற்கிறது. பிராணியின் உடலிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக மருந்தைத் தள்ளுவது ததாகதரின் வழியன்று.

கொலைக்குரிய அங்கங்கள் ஐந்தென்று உரையாசிரியர்கள் வகுத்தனர். உயிருள்ள பிராணி இருத்தல், அஃது உயிருள்ளதென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் மரணம். ஸ்ரீராமபுரத்து அக்காளிடம் இவற்றில் எது இருந்தது? எண்ணமும் இல்லை, முயற்சியும் இல்லை.

இங்கே ஒரு வார்த்தை நம்மவர்க்கே சொல்ல வேண்டும். அக்காளின் மகன், "மாடாயிருந்தாலும் பரவாயில்லை, பன்றியா!" என்று முகத்தைச் சுளித்தானாம். பன்றி அசுத்தம், அதைத் தொடுபவன் அசுத்தம் என்ற இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? நம் பாட்டனாரை ஊருக்கு வெளியே நிறுத்திய புத்தியும் இதுவே அல்லவா? தீட்டை உதறிவிட்டுத் திரிசரணம் புகுந்த நாம், அதே தீட்டைப் பன்றியின் மேல் ஏற்றிப் பேசுவது நகைப்புக்கு இடமானது. உடலின் முப்பத்திரண்டு கூறுகளை எண்ணித் தியானிப்பவர் இருதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம் என்று வரிசையாக ஓதுகிறாரே, அவற்றில் எதைப் பரிசுத்தமென்று புத்தர் சொன்னார்? மறுப்பதாயின் கருணையால் மறுப்போம், அருவருப்பால் அன்று. (சுந்தன் என்னும் கொல்லன் பகவானுக்கு இறுதியாகப் படைத்த சூகரமத்தவம் பன்றி இறைச்சியா, பன்றி விரும்பும் காளானா என்று பண்டிதர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நாம் அதில் தலையிடவில்லை.)

இவ்வளவும் தெரிந்த பின் அக்காளின் வீட்டுக்கு நடந்து சென்று, "அன்று சொன்னது தவறு, அக்கா, மன்னித்துவிடுங்கள்" என்றோம். அவர் நம்மை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அடுத்த மாதம் சிகிச்சை நடந்தது.

பாடம் இங்கே முடிந்திருந்தால் எளிதாயிருக்கும். ஆனால் வேறொரு அன்பர், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளி, பத்திரிகைத் துணுக்கு ஒன்றைக் கொணர்ந்து நம்மிடம் காட்டினார். அமெரிக்காவில் பன்றியின் சிறுநீரகத்தையே உயிரோடு மனிதனுக்கு வைக்கிறார்களாம். "வால்வு ஆகுமென்றால் இதுவும் ஆகும்தானே, ஐயா?" என்றார். இம்முறை நாம் உடனே வாய் திறக்கவில்லை.

பதனிட்ட வால்வு செத்த தோலைப் போன்றது. முழு உறுப்போ உயிருள்ளது. ஒவ்வொரு கணமும் மனித இரத்தத்தில் நனைந்து வேலை செய்ய வேண்டியது. பன்றியின் அணுக்களின் மேற்புறத்தில் ஆல்பா-கால் என்னும் ஒருவகைச் சர்க்கரை உண்டு. மனிதனிடம் அது இல்லை. நம் இரத்தத்திலோ அச்சர்க்கரையைக் கண்டவுடன் பாயும் எதிர்ப்புப் பொருள்கள் பிறந்த சில மாதங்களிலேயே உண்டாகிவிடுகின்றன. ஆகவே சாதாரணப் பன்றியின் உறுப்பைப் பொருத்தினால் சில நிமிடங்களிலோ மணிகளிலோ அது கறுத்துச் செத்துவிடும். இரத்த உறவில் நெருங்கிய குரங்கை முதலில் நாடியதற்கு இதுவே காரணம். 1964இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரீம்ஸ்மா என்னும் நிபுணர் சிம்பன்சியின் சிறுநீரகத்தைப் பொருத்திய ஆசிரியை ஒருவர் ஒன்பது மாதங்கள் வாழ்ந்தார். மற்றவர்கள் பெரும்பாலும் சில வாரங்களிலேயே இறந்தனர். 1984இல் பாபூன் குரங்கின் இருதயம் வைக்கப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தை மூன்று வாரங்களே வாழ்ந்தது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அஸ்ஸாமில் குவாஹாட்டி நகரையடுத்த சோனாபூரில், தனிராம் பரூவா என்னும் இருதய ரணசிகிச்சை நிபுணர், ஹாங்காங்கைச் சேர்ந்த ஜோனதன் ஹோ என்பவருடன் சேர்ந்து, இருதயத்தில் துவாரமுள்ள 32 வயது மனிதர் ஒருவருக்குப் பன்றியின் இருதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். உடல் ஏற்றுக்கொள்ள வழி கண்டுவிட்டதாகப் பரூவா கூறினார். நோயாளி ஒரு வாரம் உயிரோடிருந்து இறந்தார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ்ப் பரூவா கைதாகி நாற்பது நாள் சிறையிலிருந்தார். மாநில அரசின் விசாரணை, அவர் செய்தது முறையற்றதெனக் கண்டது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதுபோன்ற சிகிச்சை நடந்தபோது, "நம்மவர் முன்பே செய்தார்" என்று சிலர் பெருமை பேசினர். நமக்கு அப்பெருமையில் பங்கு வேண்டாம். கத்தி எடுத்தவர் யார் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. மேசைமேல் படுத்தவருக்கு என்ன சொல்லப்பட்டது, அவர் எதைப் புரிந்துகொண்டு தலையசைத்தார் என்று கேட்பவர் சிலரே. (ஆட்டுத் தலை பொருத்திய புராணக் கதையைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும்.)

அமெரிக்காவில் என்ன மாறியது? பன்றியே மாற்றப்பட்டது. மரபணுவை வெட்டி ஒட்டும் கலை வளர்ந்து, அந்தச் சர்க்கரையை உண்டாக்காத பன்றிகளைப் பிறப்பித்தனர். 2022 ஜனவரி 7ஆம் நாள் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 57 வயதுள்ள ஒருவருக்குப் பொருத்தப்பட்ட இருதயம், பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியினுடையது. அவற்றில் ஆறு, மனிதனிடமிருந்து எடுத்துச் சேர்த்த மரபணுக்கள். அவர் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார்; பின்னர் ஆராய்ந்தபோது அந்த இருதயத்தில் பன்றிக்குரிய ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் 69 மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகம் ஒருவருக்கு வைக்கப்பட்டது. அந்த 69இல் 59, பன்றியின் மரபணுவுக்குள்ளேயே பரம்பரையாக உறங்கும் வைரஸ்களைச் செயலறச் செய்தவை. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் காலமானார். சிறுநீரகத்தால் அன்று என ஆஸ்பத்திரி கூறியது. அதே நகரில் 2025 ஜனவரியில் வைத்துக்கொண்ட வேறொருவருக்கு 271 நாள்கள் அது உழைத்தது, அக்டோபரில் எடுத்துவிட்டனர். 2025இல் அந்நாட்டு அரசு முறையான சோதனைக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. 1964இன் ஒன்பது மாதத்தை ஒட்டியே இன்னும் நிற்கிறோம் என்றாலும், இதனை வெறுங்கனவென்று தள்ள இயலாது.

இனி அந்தப் பன்றியைப் பார்ப்போம். பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று வளர்ப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆனால் உறுப்புக்கென வளரும் குட்டியைத் தொற்று நோய் அண்டாதிருக்கத் தாயின் வயிற்றை அறுத்து எடுப்பதும், தாய்ப்பால் கொடாமல் கையால் வளர்ப்பதும் உண்டு. சேறு இல்லை, வெயில் இல்லை. வடிகட்டிய காற்று, கழுவிய தரை. பின்னர் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும்.

ஜீவக சுத்தத்தில் பகவான் மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறார். தனக்காகக் கொல்லப்பட்டதென்று கண்டாலோ, கேட்டாலோ, ஐயுற்றாலோ அந்த இறைச்சி ஆகாது. அது பிக்குவின் உணவுக்கான விதி. இல்லறத்தாரின் மருந்துக்கு அப்படியே பொருந்தாது என்பதை நாம் அறிவோம். எனினும் விதியின் உட்பொருளை எண்ணுக. அதே சுத்தத்தில், கொலையால் வரும் பாவங்களை எண்ணுமிடத்தில், கத்தியை முதலில் வைக்கவில்லை. "போய் அந்தப் பிராணியைக் கொண்டுவா" என்று ஏவும் சொல்லையே முதலில் வைக்கிறார். கழுத்தில் கயிறிட்டு இழுக்கப்படும்போது அது படும் துன்பத்தை இரண்டாவதாக வைக்கிறார்.

அக்காளின் வால்வுக்கும் இந்தச் சிறுநீரகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அங்கே எவரும் அவருக்காக "கொண்டுவா" என்று சொல்லவில்லை. இங்கே அந்தப் பன்றி பிறக்குமுன்பே சொல்லியாயிற்று. அறுக்கும் நாளில் நோயாளியின் பெயரோடு சொல்லியாயிற்று. காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவில்லை என்று எவர் கூற முடியும்? மேலும், உயிர்களை வைத்து வாணிகம் செய்தல் உபாசகனுக்கு விலக்கப்பட்ட ஐந்து தொழில்களுள் ஒன்று. உறுப்புக்கென உயிர் வளர்த்து விற்கும் கம்பெனி அத்தொழிலின் புது உருவமேயன்றி வேறன்று.

அன்பர் இதைக் கேட்டுவிட்டு, "கசாப்புக் கடையில் தினம் எத்தனை பன்றி சாகிறது! நாவின் சுவைக்குச் சாகலாம், என் உயிருக்குச் சாகக்கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. இறைச்சி உண்பவருக்கு இவரைக் குறைகூற உரிமையில்லை. நம்மில் பலர் உண்கிறோம். உயிர் போகும் நிலையில் உள்ளவர் இச்சிகிச்சையை ஏற்றால், அவர் சீலம் கெட்டவர் என்று நாம் சொல்லமாட்டோம். ஒருமுறை அப்படிச் சொல்லிப் பட்டது போதும். ஆயினும் இதுவே வழக்கமாகவேண்டும், நாடெங்கும் பண்ணைகள் வேண்டும் என்று கேட்க நம் மனம் ஒப்பவில்லை.

மாற்று வழி இல்லாமலா? 1922இல் டொராண்டோ நகரில் நீரிழிவால் சாகவிருந்த சிறுவன் ஒருவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் உயிர் கொடுத்தது. பிறகு அறுபது ஆண்டுகள் உலகம் மாட்டையும் பன்றியையும் நம்பியிருந்தது. 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டே மனித இன்சுலின் செய்து விற்பனைக்கு வந்தது. நமது பெங்களூரில் பயோகான் கம்பெனி 2004 முதல் ஈஸ்ட்டிலிருந்து அதைச் செய்து விற்கிறது. நேற்றுப் பிராணியின்றி முடியாதெனப்பட்டது இன்று முடிகிறது.

சிறுநீரகத்துக்கோ, மனிதரே கொடுக்க முடியும். ஆனால் கொடுப்பதிலும் கொடுமை நடந்ததை நாம் மறக்கவில்லை. 1990களில் பெங்களூரிலும் சென்னையிலும் ஏழைகளின் சிறுநீரகம் தரகர் வைத்து விலைபேசப்பட்டது; வில்லிவாக்கத்தைக் "கிட்னிவாக்கம்" என்றே ஊரார் அழைத்தனர். மில் மூடிய பின் கடனில் மூழ்கிய நம் தோழர் ஒருவரையும் ஒரு தரகன் அணுகினான். அவர் மனைவி துடைப்பத்தை எடுத்ததால் தப்பினார். 1994ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு பெறவும் வழி திறந்தது. வழி திறந்தும் நடப்பவர் சிலரே. இந்தியாவில் இறந்தபின் உறுப்புக் கொடுப்போர் பத்து லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவையும் எட்டவில்லை. உயிரோடுள்ள உறவினரே மிகுதியும் கொடுக்கின்றனர். அவர்களிலும் பெண்களே அதிகம். மனைவி கணவனுக்கு, தாய் மகனுக்கு. மனிதன் மண்ணுக்குள்ளும் நெருப்புக்குள்ளும் இரண்டு நல்ல சிறுநீரகங்களைப் போட்டுவிட்டு, பன்றியிடம் போய்க் கேட்கிறான்.

இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், பௌத்த மக்கள் இறந்தபின் கொடுத்த கண்களைப் பல பத்து நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. பார்வை பெற்றவர்களில் பாகிஸ்தானத்து முஸ்லிம்கள் ஏராளம். அவர்களுக்கு ஊக்கம் அளித்தது சிபி அரசனின் ஜாதகம். குருடன் ஒருவன் கேட்க, அரசன் தன் கண்ணைக் கொடுத்தான். அதில் ஒரு நுட்பத்தை நாம் இப்போதுதான் கவனித்தோம். கண்ணை எடுக்கும் வைத்தியன் நடுவில் நிறுத்தி, இப்போதும் பழையபடி வைத்துவிடலாம், மனம் மாறலாம் என்கிறான். வலியில் துடித்தபோதும் அரசன், தாமதியாதே என்கிறான். கொடுப்பவன் வேண்டாமென்று சொல்ல இடம் வைத்த பின்னரே அங்கே தானம் நடக்கிறது. சோனாபூரில் படுத்தவருக்கு அந்த இடம் எவ்வளவு இருந்ததோ! தரகனிடம் அகப்பட்ட ஏழைக்கு அது இல்லை. பன்றியை எவரும் கேட்கவே இல்லை.

அந்த அன்பருக்கு நாம் சொன்ன பதில், பன்றிக்காகக் காத்திராமல் கர்நாடகத்தின் ஜீவசார்த்தகதே அமைப்பில் ஆஸ்பத்திரி மூலமாகப் பெயர் பதிந்துகொள்ளுங்கள் என்பதே. அவர் சிரித்தார். "பதிந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஐயா. கொடுப்பவர் வேண்டுமே. நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கவில்லை. இருபது ஆண்டுகளாகச் சிபி ஜாதகத்தைப் பிரசங்கம் செய்யும் நாம், அதுவரை ஒரு படிவத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. அவ்வாரமே வாங்கினோம். சாட்சிகள் இருவர் வேண்டும், அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினராயிருக்க வேண்டும். நம் மனைவியார் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையொப்பமிட்டார். நாம் இறக்கும்போது குடும்பத்தார் மறுத்தால் இந்தக் காகிதத்துக்கு வலுவில்லை என்பதால், மகனையும் அழைத்துப் படித்துக் காட்டினோம். மற்றொரு சாட்சியாக ஸ்ரீராமபுரத்து அக்காள், ஆட்டோவில் வந்து இறங்கி, படிகளில் ஒருமுறை மட்டும் நின்று ஏறிவந்து, கன்னடத்தில் கையெழுத்திட்டார். இன்னும் பத்துப் படிவங்கள் விகாரை அலமாரியின் மேல்தட்டில் உள்ளன.